தனியா பறக்காமலே பைலட் ஆன ராஜா!

பாகூர், வில்லியனூரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். பக்கத்து கடலூரில் புழங்கிய காசில் இருந்த தலை, இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுடையது.

1895ல் பிறந்தவர். திக்குவாய். வயிற்று நோய் வந்து கப்பல் வேலையை விட்டு, 1918ல் விமானப்படை பக்கம் வந்தார். பறப்பது பிடிக்காது. ஆனாலும் விடவில்லை.

மற்றவர்கள் தனியா ஓட்டிக் காட்டினால்தான் பாஸ். இவர் உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் தடுத்ததால், அந்தப் பாடத்தை மட்டும் கழித்துவிட்டார்கள். 31.7.1919ல் பைலட் ஆனார். மறுநாளே பதவி உயர்வு! ராஜா வீட்டுப் பிள்ளை என்றால் சும்மாவா?

1936ல் அரியணை ஏறியவர், 6.2.1952ல் தூக்கத்திலேயே இறந்தார். வயது 56.

கொள்ளுப்பேரன் வில்லியமுக்கும் 2008ல் 4 மாத சுருக்கப் பயிற்சிதான். ஆனால் அவர் தனியாகவும் பறந்து காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.