கென்ஜி மிசோகுச்சி: சூளை நெருப்பும் வீட்டு அடுப்பும்

திரையில் வந்த குயவர் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் திருநீலகண்டராகத்தான் இருக்கும். 1939-இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் அந்த வேடத்தில் நடித்தார். பெரிய புராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். தில்லையில் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுத்தவர் பரத்தையிடம் போய்வருகிறார். மனைவி இறைவனின் நீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, இனித் தன்னைத் தீண்டக்கூடாது என்கிறார். ஒரே கூரையின் கீழ் தொடாமல் வாழ்ந்து இருவரும் முதுமை எய்துகிறார்கள். இறுதியில் இறைவன் அருளால் குளத்தில் மூழ்கி, இளமை திரும்பி எழுகிறார்கள்.

ஜப்பானியத் திரைப்படம் ஒன்றிலும் ஒரு குயவன் வருகிறான். அவனும் மனைவியை விட்டு வேறொரு பெண்ணிடம் போகிறான், திரும்பி வருகிறான். அங்கே குளமும் இல்லை, இளமையும் திரும்புவதில்லை. 1953-இல் வெளிவந்த 'உகெட்சு மோனோகதாரி'தான் அந்தப் படம். அதை எடுத்த கென்ஜி மிசோகுச்சியின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தக் குயவனை வெறும் கதாபாத்திரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

மிசோகுச்சி 1898 மே 16 அன்று தோக்கியோவில் பிறந்தார். தந்தை கூரை வேயும் தச்சர். ரஷ்ய-ஜப்பான் போரின்போது படைவீரர்களுக்கு மழைக்கோட்டு விற்றுப் பணம் பார்க்கலாம் என்று இறங்கினார். சரக்கு தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. கையிருப்பெல்லாம் கரைந்து, குடும்பம் அசாகுசா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மூத்த மகள் சுசுவைத் தத்துக் கொடுத்தார்கள். தத்து என்பது பெயருக்குத்தான். அவள் கெய்ஷாவாக ஆக்கப்பட்டாள். போரில் லாபம் தேடிய ஆண், அதற்கு விலையாகிப்போன பெண் என்ற இந்தக் கணக்கைத்தான் மகன் பின்னாளில் மீண்டும் மீண்டும் படமாக எடுத்தார். தந்தையை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை என்கிறார்கள்.

சுசு பிற்பாடு ஒரு பிரபுவின் ஆதரவில் வாழ்ந்தார். தம்பியைப் படிக்க வைத்ததும் வேலை தேடிக் கொடுத்ததும் அவர்தான். பதின்வயதின் தொடக்கத்திலேயே மிசோகுச்சிக்கு முடக்குவாதம் வந்தது. நடையில் அதன் அடையாளம் கடைசிவரை இருந்தது. 1913-இல் அக்காவின் தயவில் யுகாதா எனப்படும் பருத்திக் கிமோனோவுக்குக் கோலம் வரையும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். 1915-இல் தாய் இறந்தபோது தம்பிகளை அக்கா தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஓவியப் பள்ளியில் மேற்கத்திய பாணி ஓவியம் கற்றார். பிறகு கோபே நகரில் ஒரு செய்தித்தாளுக்கு விளம்பரப் படம் வரைந்தார். 1920-இல் நிக்கட்சு நிறுவனத்தில் நுழைந்தபோது நடிகராக வேண்டும் என்பதுதான் ஆசை. 1923-இல் இயக்குநரானார். அதே ஆண்டு பெரும் நிலநடுக்கம் தோக்கியோவைத் தரைமட்டமாக்க, கியோத்தோவுக்குப் போனார்.

1925-இல் உடன் வாழ்ந்த பெண் ஒருத்தி சவரக்கத்தியால் அவர் முதுகில் கீறினாள். தழும்பு நிலைத்துவிட்டது. செய்தி பத்திரிகையில் வந்து வேலைக்கும் சில காலம் இடைவெளி விழுந்தது. இரண்டாண்டுகள் கழித்து சியேகோவை மணந்தார்.

அந்தக் காலத்தில் எடுத்த மௌனப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. மொத்தம் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதைச் சற்றே தாண்டும். 1936-இல் வந்த 'ஒசாகா சோககீதம்', 'கியோன் சகோதரிகள்' ஆகிய இரண்டோடுதான் தன் வழி தெளிவானது என்று அவரே கருதினார். இரண்டும் ஆண்களின் பணத்துக்கும் பொய்க்கும் நடுவே சிக்கிய பெண்களின் கதை. இரண்டையும் எழுதிய யோஷிகதா யோதா பிறகு இருபது ஆண்டுகள் அவருக்காக எழுதினார். எழுதினார் என்பதைவிட எழுதி எழுதிக் கிழிபட்டார் என்பதே சரி. எது சரியில்லை என்று மிசோகுச்சி சொல்லமாட்டார், சரியில்லை என்று மட்டும் சொல்வார். நடிகர்களுக்கும் அதே கதிதான். எப்படி நடிப்பது என்று காட்டித் தரமாட்டார். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். படப்பிடிப்புத் தளத்தை விட்டு நகரக்கூடாது என்பதற்காகச் சிறுநீர்ப் புட்டியைக் கூடவே வைத்திருந்தார் என்ற கதையும் உண்டு.

1941-இல் 'கென்ரோக்கு சூஷிங்குரா' என்ற பெரும் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது சியேகோவின் மனநிலை முற்றிலும் குலைந்தது. மருத்துவமனையில் சேர்த்தார். படப்பிடிப்பு நிற்கவில்லை. சியேகோ பிறகு வீடு திரும்பவே இல்லை. தன்னிடமிருந்து தொற்றிய பால்வினை நோய்தான் மனைவியின் நோய்க்குக் காரணம் என்று மிசோகுச்சி நம்பினார். அந்த நம்பிக்கை தவறானது. ஆனால் தவறான குற்றவுணர்வுக்கும் எடை உண்டு. (காலக்கெடு நெருங்குகிறது என்று வீட்டை மறப்பது எங்கள் தொழிலிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம்தான். இந்த இடத்தைப் படித்தபோது அந்தப் பெருமை கொஞ்சம் கூசியது.)

போருக்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் படங்கள் எடுபடவில்லை. 1952-இல் 'ஓஹாருவின் வாழ்க்கை' வெனிஸில் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, தாயே நிறுவனத்துக்காக 'உகெட்சு' எடுத்தார்.

உவேதா அகினாரி 1776-இல் வெளியிட்ட பேய்க்கதைத் தொகுப்பிலிருந்து இரண்டு கதைகளை எடுத்தார்கள். மொப்பசானின் ஒரு கதையும் சேர்ந்தது. திரைக்கதை யோதாவும், மிசோகுச்சியின் பள்ளித்தோழர் மட்சுதாரோ கவாகுச்சியும் சேர்ந்து எழுதியது. கவனிக்க வேண்டியது இதுதான்: அகினாரியின் இரு கதைகளிலும் நாயகன் குயவன் அல்ல. ஒருவன் பட்டு விற்கப் போன விவசாயி, மற்றவன் கடற்கரை ஊரின் செல்வர் வீட்டு இளைஞன். சக்கரமும் சூளையும் படத்துக்காகவே வந்தவை.

ஏன் குயவன்? படத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலம். பீவா ஏரியின் வடகரைச் சிற்றூரில் கெஞ்சூரோ மண்பாண்டம் செய்கிறான். போரால் நகரில் பாண்டத்துக்கு நல்ல விலை. முதல் முறை விற்றுத் திரும்பும்போது மனைவி மியாகிக்குக் கிமோனோ வாங்கி வருகிறான். அவளுக்கு உடையைவிட அவன் நினைத்து வாங்கி வந்ததுதான் மகிழ்ச்சி. அவனுக்கோ இன்னும் இன்னும் செய்து விற்க வேண்டும். அவன் வனைய, அவள் சக்கரத்தைச் சுற்றுகிறாள். பிள்ளை பக்கத்தில் வந்தால் கெஞ்சூரோ எரிந்து விழுகிறான். வனைபவனின் கையைத்தான் உலகம் பார்க்கும். சுற்றிக் கொடுப்பவளை யார் பார்ப்பது? வேறு எந்தத் தொழிலிலும் இந்த உறவை இவ்வளவு எளிதாக ஒரே சட்டகத்தில் காட்டியிருக்க முடியாது.

அடுத்தது சூளை. படைவீரர்கள் இரவில் ஊருக்குள் புகுகிறார்கள். எல்லோரும் காட்டுக்கு ஓடுகிறார்கள். கெஞ்சூரோவுக்கு உயிரைவிடச் சூளை நெருப்பு அணைந்துவிடுமே என்ற பதைப்பு. மியாகி தடுத்தும் கேளாமல் திரும்பி ஓடுகிறான். மண்ணைப் பிசைவதைத் தள்ளிப்போடலாம், வனைவதையும் தள்ளிப்போடலாம், ஏற்றிய சூளை காத்திராது. தொழில் தெரிந்தவர்களுக்கு அவன் பதைப்பு புரியும். அதனாலேயே அவனை எளிதில் வில்லனாக்கிவிட முடியாது. நெருப்பு அணைந்திருந்தும் பாண்டங்கள் நன்றாக வெந்திருக்கின்றன. அந்த நல்வாய்ப்புதான் குடும்பத்தைக் கெடுக்கிறது.

பாண்டங்களோடு படகேறுகிறார்கள். ஏரியில் கொள்ளையர் பயம் என்று தெரிந்ததும் மனைவியையும் பிள்ளையையும் கரையில் இறக்கிவிட்டுப் போகிறான். நகரில் வகாசா என்ற சீமாட்டி அவன் பாண்டங்களை வாங்குகிறாள், தன் மாளிகைக்கு அழைக்கிறாள். அங்கே அவன் செய்த கலங்களிலேயே அவனுக்கு மது வருகிறது. அவள் அவன் அழகைப் புகழ்வதில்லை, அவன் கைத்திறனைப் புகழ்கிறாள். பேயே ஆனாலும் கலைஞனைப் பிடிக்கும் வழி தெரிந்த பேய்! எரிந்துபோன ஒரு மாளிகையின் ஆவி அவள் என்று தெரிந்து, தப்பி ஊர் திரும்புகிறான்.

அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கெஞ்சூரோ இரவில் வீட்டுக்குள் நுழைகிறான். வீடு இருண்டு வெறிச்சோடிக் கிடக்கிறது. அவன் பின்பக்கமாக வெளியேறி வீட்டைச் சுற்றி வருகிறான். காமிரா உள்ளேயே திரும்பி அவனைத் தொடர்கிறது. அவன் மீண்டும் வாசலுக்கு வரும்போது அதே அறையில் அடுப்பு எரிகிறது, மியாகி அருகில் அமர்ந்திருக்கிறாள். வெட்டு இல்லை, தந்திரக் காட்சி இல்லை. ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவா இந்தப் படத்தின் பெரும்பகுதியைக் கிரேனில் இருந்தபடி எடுத்தவர். இந்த ஒரு நகர்வை மட்டும் சொன்னாலும் அவர் பெயர் நிற்கும். அவள் அவனுக்கு உணவு கொடுக்கிறாள், உறங்க வைக்கிறாள், கிழிசலைத் தைக்கிறாள். விடிந்ததும் ஊர்த்தலைவர் வந்து சொல்லித்தான் தெரிகிறது, பசியோடு திரிந்த படைவீரர்கள் எப்போதோ அவளைக் கொன்றுவிட்டார்கள் என்று. பிறகு அவன் மீண்டும் வனைகிறான். சக்கரத்தைச் சுற்றத் தானும் உதவுவதாக அவள் குரல் மட்டும் கேட்கிறது.

மருத்துவமனையில் மனைவியை விட்டுவிட்டுப் படப்பிடிப்புக்குத் திரும்பியவர் எடுத்த காட்சி இது. ஒப்புதல் வாக்குமூலம் என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. அப்படிச் சொல்லத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. மியாகியாக நடித்தவர் கினுயோ தனாகா. ஓஹாருவும் அவரே, 1954-இல் 'சான்ஷோ'வின் தாயும் அவரே. 'உகெட்சு' வந்த அதே 1953-இல் தனாகா தன் முதல் படத்தை இயக்கினார். அடுத்த படத்தை நிக்கட்சு அவரிடம் ஒப்படைக்க முன்வந்தபோது, இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த மிசோகுச்சி எதிர்த்தார். யசுஜிரோ ஓசு தனாகாவின் பக்கம் நின்றார், திரைக்கதையும் தந்தார். 1955-இல் படம் வெளிவந்தது. தனாகா மிசோகுச்சியின் படங்களில் அதன்பின் நடிக்கவில்லை. திரையில் சக்கரம் சுற்றியவளுக்காகக் கண்ணீர் வரவழைத்தவருக்கு, அதே பெண் தன் சக்கரத்தில் தானே வனைய உட்கார்ந்தது பொறுக்கவில்லை.

தகாகோ இரியேயின் கதையும் அப்படித்தான். 1933-இல் தன் சொந்த நிறுவனத்தில் மிசோகுச்சிக்குப் படம் கொடுத்த நட்சத்திரம் அவர். 1955-இல் நலிந்த நிலையில் சிறு வேடத்தில் நடிக்க வந்தவரை எல்லோர் முன்னும் அவமதித்தார். இரியே படத்திலிருந்து விலகினார். பெண்களின் துயரத்தை இவரைப்போல் படமாக்கியவர் இல்லை என்று எழுதும் விமர்சகர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

'உகெட்சு' வெனிஸில் வெள்ளிச் சிங்கம் பெற்றது. அந்த ஆண்டு தங்கச் சிங்கம் யாருக்கும் தரப்படவில்லை. மிசோகுச்சி நேரில் போயிருந்தார். நிச்சிரென் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டிருந்தவர், ஓட்டல் அறையில் திருவுருவச் சுருளை மாட்டிப் பரிசுக்காகப் பிரார்த்தனை செய்தாராம். தன் படத்தில் அவர் முழுத் திருப்தி அடையவில்லை. சாமுராய் ஆசையில் மனைவியைத் தொலைக்கும் இன்னொருவன் கதையில் வருகிறான். அவன் திருந்தாமல் மேலும் உயர்ந்துகொண்டே போக வேண்டும் என்பது மிசோகுச்சியின் எண்ணம். நிறுவனம் ஒப்பவில்லை.

கடைசிப் படம் 'சிவப்பு விளக்குப் பகுதி' 1956 மார்ச்சில் வந்தது. தோக்கியோவின் யோஷிவாராவில் உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களைப் பற்றியது. அதே ஆண்டு மே மாதம் ஜப்பானிய நாடாளுமன்றம் பரத்தைமைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மிசோகுச்சி அடுத்த படத்துக்கான வேலையில் இருக்கும்போதே இரத்தப் புற்றுநோயால் 1956 ஆகஸ்ட் 24 அன்று கியோத்தோவில் இறந்தார். வயது 58.

கினுயோ தனாகா மொத்தம் ஆறு படங்கள் இயக்கினார். 1961-இல் வந்த அவருடைய ஐந்தாவது படம், அந்தச் சட்டம் வந்த பிறகு சீர்திருத்த இல்லத்திலிருந்து வெளியே வந்து வேலை தேடும் பெண்களைப் பற்றியது.