தனிமங்களுக்கு எண் கண்ட ஹென்றி மோஸ்லி

நம் வேதியியல் ஆய்வகச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையில் இரும்புக்கு 26, கோபால்ட்டுக்கு 27, நிக்கலுக்கு 28 என எண்கள் இடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அணு எடையை மட்டும் பார்த்தால் நிக்கல்தான் கோபால்ட்டுக்கு முன்னே நிற்க வேண்டும். பின் ஏன் இந்த வரிசை? இதற்கு ஐயமற விடை கண்டவர் ஹென்றி மோஸ்லி.

இவர் 1887 நவம்பர் 23ஆம் நாள் இங்கிலாந்தின் வேமத் நகரில் பிறந்தார். தந்தையார் சாலஞ்சர் கப்பலில் உலகைச் சுற்றிவந்த விலங்கியல் அறிஞர். மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன்பே அவர் காலமானார். வளர்த்து ஆளாக்கியவர் தாயார் அமபெல் அம்மையார். இவ்வம்மையார் 1913இல் பிரிட்டனின் மகளிர் சதுரங்கப் பட்டத்தை வென்றவர் என்பதை அறிய நம் மாணவியர் மகிழ்வர்.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற மோஸ்லி, 1910இல் மான்செஸ்டரில் பேராசிரியர் ரதர்போர்டிடம் சேர்ந்தார். எலக்ட்ரான்கள் விரைந்து மோதும் உலோகம் தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை வெளியிடும். அவற்றை ஒரு படிகத்தின்மீது விழச் செய்து புகைப்படத் தகட்டில் பதித்தால், வலுவான ஒரு கோடும் அருகே மங்கலான ஒரு கோடும் தெரியும். ஒவ்வோர் உலோகத்திற்கும் குழாயைத் திறந்து மூடி, காற்றை மீண்டும் வெளியேற்றுவது அலுப்பூட்டும் வேலை. எனவே உலோகத் துண்டுகளைச் சிறு வண்டியில் வரிசையாக வைத்துப் பட்டு நூலால் இழுத்தார். குழந்தைகளின் விளையாட்டு இரயில்தான் நம் நினைவுக்கு வருகிறது!

அக்கோடுகளின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் கண்டபோது, தனிமத்திற்குத் தனிமம் ஏறக்குறைய ஒரே அளவாக, படிக்கட்டைப் போல அது உயர்ந்து சென்றது. எத்தனையாவது படி என்பதே அணு எண். அணுக்கருவின் மின்னேற்றமும் அதுவே. எடை அன்று. 43, 61, 75 ஆகிய படிகள் காலியாக இருந்தன. அங்கே நிற்க வேண்டிய தனிமங்கள் இனிமேல்தான் கிடைக்க வேண்டும் என்றார். 75 1925இலும், 43 1937இலும், 61 1945இலும் கிடைத்தன. அவற்றைக் காண அவர் இல்லை.

1914இல் தாயாருடன் ஆஸ்திரேலியாவில் நடந்த அறிவியல் மாநாட்டிற்குச் சென்ற சமயம் போர் மூண்டது. அப்போது கட்டாய இராணுவ சேவை கிடையாது. எனினும் நாடு திரும்பித் தாமே படையில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10ஆம் நாள், துருக்கியின் கலிப்போலியில், தொலைபேசியில் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து மாண்டார். வயது 27. கணவரை இழந்து வளர்த்த மகனை அத்தாய் எப்படிப் பறிகொடுத்திருப்பார் என எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது. தாம் எழுதிய உயிலில் தம் உடைமைகளை ஆராய்ச்சிக்கென ராயல் சொசைட்டிக்கு வைத்திருந்தார்.

அந்த மங்கலான கோடு மட்டும் இன்னும் பேசுகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்பு ஆக்சைடை இரு வைரங்களுக்கிடையே வைத்து 14 இலட்சம் வளிமண்டல அழுத்தம்வரை நசுக்கினர். பூமியின் கருவம் தொடங்கும் ஆழத்தில் உள்ள அழுத்தத்தையும் இது மிஞ்சியது. இரும்பின் எலக்ட்ரான்கள் தம் காந்தத் தன்மையை இழந்தனவா என்று அறிய, அதே கோட்டின் வடிவத்தைத்தான் பார்த்தனர். இழக்கவில்லை.