வோல்ற்றர் பாடே: எதிரி நாட்டவரெனப் பதியப்பட்ட வானியலாளர்

2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதி இணைந்த செய்தி ஈர்ப்பலைகளாகப் பூமியை வந்தடைந்தது. 1.7 செக்கன்கள் கழித்துக் காமாக் கதிர் வெடிப்பொன்றும் பதிவாயிற்று. குறுங்காலக் காமாக் கதிர் வெடிப்புகள் இத்தகைய மோதல்களிலிருந்து பிறக்கின்றன என்பதற்கு அதுவே முதல் நேரடிச் சான்று. அத்தகைய விண்மீன்கள் இருக்கக்கூடுமென 83 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிய இருவருள் ஒருவரின் வாழ்வை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

வோல்ற்றர் பாடே 1893 இல் ஜேர்மனியின் வெஸ்ற்பாலியாவில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். ஹம்பேர்க் வானாய்வகத்தில் பணியாற்றிய பின், 1931 இல் கலிபோர்ணியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்திற்குச் சென்றார். 1934 இல் அவரும் சுவிஸ் நாட்டவரான பிறிற்ஸ் ஸ்விக்கியும் துணிகரமான கருத்தொன்றை வெளியிட்டனர். பெருவிண்மீன் வெடித்துச் சிதறும்போது, அதன் நடுப்பகுதி நெருங்கிச் சுருண்டு நியூத்திரன்களாலான சிறு கோளமாகின்றது என்பதே அது. நியூத்திரன் துகள் கண்டறியப்பட்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

பாடே அகதியாகச் சென்றவரல்லர். எனினும் அகதியின் துயரை அறிந்திருந்தார். யூத வம்சாவளியினரென்பதால் ஹம்பேர்க்கில் பதவியிழந்த நண்பர் றூடோல்ப் மின்கோவ்ஸ்கி, 1935 இல் மவுண்ட் வில்சனில் இடம்பெறத் துணைநின்றவர் அவரே.

அமெரிக்கக் குடியுரிமைக்கு பாடேயும் விண்ணப்பித்திருந்தார். ஆனால் வீடு மாறியபோது பத்திரங்கள் தொலைந்தன. மீண்டும் அவர் முயலவில்லை. 1941 இல் போர் மூண்டதும் எதிரி நாட்டவரெனப் பதியப்பட்டார். இரவில் வெளியே நடமாட அவருக்குத் தடை. இரவே தொழிற்களமான வானியலாளருக்கு இதைவிடக் கொடிய விலங்கு வேறென்ன? ஆய்வகத்தினர் வாதாடி விதிவிலக்குப் பெற்றுக்கொடுத்தனர்.

சக விஞ்ஞானிகள் போர்ப்பணிக்குச் சென்றுவிட, அன்று உலகின் மிகப்பெரிதான 100 அங்குலத் தொலைநோக்கி பெரும்பாலும் அவர் வசமாயிற்று. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குகள் மங்கின. அவ்விருளில், அந்திரொமேடா மண்டலத்தின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாக அவர் பிரித்தறிந்தார். விண்மீன்கள் இரு குலத்தவை என 1944 இல் அறிவித்தார். அதன் வழியே, அண்டவெளித் தூரங்கள் அதுவரை கருதப்பட்டதைப் போல் இரு மடங்கு என 1952 இல் றோம் மாநாட்டில் விளக்கினார்.

1942 இல் அவரும் மின்கோவ்ஸ்கியும் நண்டு நெபுலாவின் நடுவே மங்கலான ஒரு விண்மீனைச் சுட்டி, 1054 இல் வெடித்த விண்மீனின் எச்சம் அதுவாகலாம் என்றனர். அது செக்கனுக்கு 30 தடவை சுழலும் நியூத்திரன் விண்மீனென்பது 1969 இல் உறுதியாயிற்று. அதனைக் காண பாடே இருக்கவில்லை. 1960 இல் கோற்றிங்கன் நகரில் காலமானார்.

இறுதிவரை அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. பதிவேட்டில் எதிரியென எழுதப்பட்டிருந்த ஆண்டுகளிலேயே அவரது தலையாய பணி நிறைவேறியது. முடிவு வராத கோவைகளோடு காத்திருக்கும் நாம், காத்திருக்கும் காலத்தையும் வாழ்வின் பகுதியாகவே கருதுதல் வேண்டும்.