பள்ளிக்கூடத்துக்காக ஏர் நிறுத்தியவர்

அது 1893-ம் ஆண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள வெங்கானூர் கிராமம்.

பொதுச் சாலையில் ஒரு வில்வண்டி வந்தது. இரண்டு வெள்ளைக் காளைகள் அதை இழுத்து வந்தன. வண்டிக்குள் வாலிபர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் தலைப்பாகை. இடுப்பில் வெள்ளை வேட்டி.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். சிலர் ஆத்திரத்துடன் வழி மறித்தார்கள். வாலிபர் அஞ்சவில்லை. வண்டி நிற்காமல் சென்றது.

வண்டியில் போவது குற்றமா? ஆம், அந்தக் காலத்தில் அவர் குலத்துக்கு அது குற்றம். சாலையில் நடப்பதே குற்றம்!

அந்த வாலிபர்தான் அய்யன்காளி.

நெல் உண்டு, சந்தை இல்லை

அய்யன்காளி 1863-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி பிறந்தார். தந்தை பெயர் அய்யன். தாய் பெயர் மாலா. அவர்கள் புலையர் குலத்தவர்கள்.

அந்தக் குலத்தார் தலைமுறை தலைமுறையாக வயல்களில் அடிமைகளாக உழைத்தவர்கள். ஆடு மாடுகளைப் போல் விற்கப்பட்டவர்கள். 1855-ம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது என்று சமஸ்தானம் அறிவித்தது. ஆனால் கிராமங்களில் பழைய வாழ்க்கை மாறவில்லை.

நெல்லை விளைவித்தவர்கள் அவர்கள். ஆனால் சந்தைக்குள் அவர்கள் கால் வைக்கக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. கழுத்தில் கல் மாலைகள்தான் அணியவேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

அய்யன்காளியும் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்ல. ஆனால் நெஞ்சுரம் மிக்கவர். அவரைச் சுற்றி இளைஞர்கள் கூடினார்கள். எல்லோருமாகச் சேர்ந்து பொதுச் சாலைகளில் நடந்தார்கள். பாலராமபுரத்தில் எதிரிகள் தாக்கினார்கள். இளைஞர்கள் திருப்பி அடித்தார்கள். இரு தரப்பிலும் ரத்தம் சிந்தியது.

1904-ம் ஆண்டில் வெங்கானூரில் தம் மக்களுக்காக ஒரு சிறு பள்ளிக்கூடம் அமைத்தார் அய்யன்காளி. எதிரிகள் அதற்குத் தீ வைத்தார்கள். மறுபடியும் கட்டினார்.

சங்கம் பிறந்தது

அது சங்கங்களின் காலம். 1903-ம் ஆண்டில் ஸ்ரீ நாராயண குருவின் வழி நின்று ஈழவ மக்கள் ஒரு யோகம் அமைத்தார்கள். பின்னர், 1914-ம் ஆண்டில், நாயர் மக்களும் ஒரு சொசைட்டி கண்டார்கள். ஒன்று சேர்ந்தவர்களின் குரல்தான் சர்க்காரின் காதில் விழுந்தது.

அய்யன்காளி இதை உணர்ந்தார். 1907-ம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். தம் குலத்தார் மட்டும் என்று அவர் வேலி போடவில்லை. தாழ்த்தப்பட்ட எல்லா மக்களுக்கும் அதில் இடம் இருந்தது. ஊர்தோறும் கிளைகள் தோன்றின. எழுத்தறிவு இல்லாதவரைத் தலைவராகக் கொண்ட அந்தச் சங்கத்துக்குப் பின்னாளில் ஒரு பத்திரிகையும் இருந்தது!

சங்கத்தின் முதல் கோரிக்கை பள்ளிக்கூடம். சர்க்கார் அனுமதி தந்தது. ஆனால் அது காகிதத்தோடு நின்றது. உள்ளூர்ப் பள்ளிகளின் கதவுகள் திறக்கவில்லை.

வயலில் களை

அப்போதுதான் அய்யன்காளி தம் மக்களிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்றால், உங்கள் வயல்களில் களைதான் முளைக்கும் என்று நிலச்சுவான்தார்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்.

வேலைநிறுத்தம் தொடங்கியது. உழவு நின்றது. நடவு நின்றது. கூலி உயர்வு வேண்டும், அடி உதை நிற்கவேண்டும், ஓய்வு வேண்டும் என்ற கோரிக்கைகளும் சேர்ந்துகொண்டன.

நிலச்சுவான்தார்கள் முதலில் சிரித்தார்கள். பசி வந்தால் தானாக வேலைக்கு வருவார்கள் என்று நினைத்தார்கள். சிலர் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள். பழக்கம் இல்லாத வேலை, முடியவில்லை.

உழைப்பாளிகளின் குடிசைகளில் அடுப்பு எரியவில்லை. குழந்தைகள் பசியால் வாடினார்கள். அய்யன்காளி விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்றார். மீனவர்களிடம் உதவி கேட்டார். அவர்கள் உழைப்பாளிகளைத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொண்டு, கிடைத்ததில் பங்கு கொடுத்தார்கள். ஏழைக்கு ஏழை கைகொடுத்ததால் போராட்டம் சாயவில்லை.

கடைசியில் மாஜிஸ்திரேட் நாகம் பிள்ளை மத்தியஸ்தம் செய்தார். கூலி உயர்ந்தது. பிள்ளைகளின் படிப்பு உரிமையும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

தம் வயிற்றுக்காக மட்டுமின்றி, தம் பிள்ளைகளின் சிலேட்டுக்காகவும் உழவர்கள் ஏர் நிறுத்திய போராட்டம் அது.

ஆனால் உரிமை வேறு, நடைமுறை வேறு. ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அவள் பெஞ்சியில் உட்கார்ந்தாள். கலவரம் மூண்டது. பள்ளிக்கூடமே எரிக்கப்பட்டது.

சபையில் ஒரு குரல்

1911-ம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சாலையில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர், திவானின் முன் எழுந்து நின்று பேசினார். குடியிருக்க நிலம் கேட்டார். பயிர் செய்யப் புறம்போக்கு நிலம் கேட்டார். படிக்கும் பிள்ளைகளுக்குச் சலுகை கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குரல் அங்கே ஒலித்தது.

1915-ம் ஆண்டில் கொல்லம் பகுதியில், கல் மாலையைக் கழற்றும்படி பெண்களை அவர் அழைத்தார். பெரினாட்டில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. ஆனாலும், கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூடிய கூட்டத்தில், பெண்கள் மாலைகளை அறுத்து எறிந்தார்கள். மாலைகள் மலைபோல் குவிந்தன.

காலம் செல்லச் செல்ல, ஒவ்வொரு சாதியும் தனித்தனிச் சங்கம் கண்டது. பொதுச் சங்கத்தின் வலிமை குறைந்தது. அய்யன்காளியின் உடலும் தளர்ந்தது. ஆனால் ஆசை தளரவில்லை.

பத்துப் பேர் போதும்

1936-ம் ஆண்டு நவம்பரில் திருவிதாங்கூர்க் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. 1937-ம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தார். கிழவரின் விருப்பம் என்ன என்று கேட்டார்.

அய்யன்காளி பணம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. தாம் கண் மூடுமுன் தம் குலத்தில் பத்துப் பேராவது பி.ஏ. தேறவேண்டும் என்றார்.

1941-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அவர் மறைந்தார். 1980-ம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் அவருடைய சிலையைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார்.

அய்யன்காளி மறைந்த இரண்டு ஆண்டுகளில், அதே திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்ட வேறொரு குலத்தில் பிறந்த ஓர் ஏழை மாணவர் எம்.ஏ. படித்து, பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாகத் தேறினார். 1997-ம் ஆண்டில் அவர் இந்தியாவின் ஜனாதிபதி ஆனார். அவர்தான் கே.ஆர். நாராயணன்.