அபிசீனிய அரசவையில் ஹள்ரத் ஜஃபர் (ரலி)

மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாத முஸ்லிம்கள், கி.பி. 615ஐ ஒட்டிச் செங்கடல் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை மீட்டு வர, பதனிட்ட தோல்களைக் காணிக்கையாகக் கொடுத்துத் தூதர் இருவரை அனுப்பினர் குறைஷியர். மன்னர் நஜ்ஜாஷியோ இருதரப்பையும் விசாரிக்க விழைந்தார்.

முஸ்லிம்களின் சார்பில் பேசியவர், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தையார் அபூதாலிபின் மைந்தர் ஹள்ரத் ஜஃபர் (ரலி) ஆவார். அவரிடம் காணிக்கை ஏதுமில்லை. இஸ்லாம் தம்மைத் திருத்திய வகையை விளக்கி, மர்யம் அத்தியாயத்தை ஓதினார். மன்னர் கண்ணீர் உகுத்தார். மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றி வினவப்பட்டபோதும், ஆபத்தை அஞ்சி உண்மையை மறைத்தாரில்லை. காணிக்கைகள் திருப்பியளிக்கப்பட்டன, அடைக்கலம் நிலைத்தது.

கி.பி. 629இல், நபிகளாரின் தூதர் கொலையுண்டதால் மூண்ட மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானார். தூதுக்கு அணிகலன் வாய்மையே அன்றோ!