48 வயசுல முதல் கேமரா... கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக மாற்றிய ஜூலியா!

புது போன் வாங்கின முதல் வாரத்தில் நாம் எல்லோரும் தவறாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. வீட்டில் யாரையாவது பிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்து, போர்ட்ரெய்ட் மோடைத் தட்டி, பின்னாடி எல்லாம் அழகா மங்கலாகுதான்னு பார்ப்போம். முகம் கொஞ்சம் அசைஞ்சிருந்தா உடனே டெலிட். அடுத்த படம். அதுவும் சரியில்லையா, எடிட்டிங் ஆப் இருக்கவே இருக்கு.

இன்று போன் கம்பெனிகள் காசு வாங்கிக்கொண்டு தருகிற அதே மங்கலுக்காக, 160 வருஷத்துக்கு முன்னால் லண்டன் போட்டோகிராபர்களிடம் ஒரு பெண்மணி செமையாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். (பேருக்கும் கேமராவுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. கேமரன் என்பது கணவர் வழியில் வந்த குடும்பப் பெயர்.)

ஜூலியா பிறந்தது நம்ம கல்கத்தாவில், 1815 ஜூன் 11. அப்பா ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, அம்மா பிரெஞ்சு வம்சாவளி. படித்து வளர்ந்தது பெரும்பாலும் பிரான்ஸில். பேட்டில் வீட்டுச் சகோதரிகள் அழகுக்குப் பேர் போனவர்கள். ஆனால், அந்தப் பட்டியலில் ஜூலியாவை மட்டும் யாரும் சேர்க்க மாட்டார்கள். பிற்காலத்தில் அவர் முகங்களைத் தேடித் தேடிப் படம் எடுத்ததற்கு இது காரணமா என்று நிறைய பேர் யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த சைக்காலஜியில் பெரிய நம்பிக்கை இல்லை.

1836-ல் உடம்பு தேற, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் சார்ல்ஸ் ஹே கேமரன். சட்ட நிபுணர், ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். இலங்கையின் நீதித்துறைச் சீர்திருத்தத்துக்காக வந்த கமிஷனில் இருந்தவர், அந்தத் தீவின்மேல் தீராத ஆசை கொண்டவர். 1838-ல் கல்கத்தாவில் இருவருக்கும் கல்யாணம். இன்னொருவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். பிலிம் காலத்து ஆட்களைக் கேட்டால் 'ஹைப்போ' என்ற ரசாயனத்தைப் பற்றிச் சொல்வார்கள். படம் மறையாமல் நிலைத்து நிற்பதற்கு அதுதான் கியாரண்டி. அதைப் போட்டோவுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் இந்த ஹெர்ஷல்தான். போட்டோகிராபி என்கிற கலை பிறந்த புதிதில், கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதி, மாதிரிப் படங்களும் அனுப்பினார். ஜூலியா அவற்றை ஆசை ஆசையாகப் பார்த்தார். பார்த்ததோடு சரி. கேமராவைத் தொட அதற்குப் பிறகு 20 வருஷத்துக்கு மேல் ஆனது.

இடையில் 6 பிள்ளைகள், வளர்ப்புப் பிள்ளைகள், 1848-ல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்வு, 1860-ல் ஐல் ஆஃப் வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டர் கிராமத்தில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர், அன்றைய இங்கிலாந்தின் சூப்பர் ஸ்டார் கவிஞர் டென்னிசன். வீட்டுக்கு 'டிம்போலா' என்று பெயர் வைத்தார்கள். அது இலங்கையில் அவர்களுக்கு இருந்த காப்பித் தோட்டத்தின் பெயர்.

1863 டிசம்பர். கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருந்தார், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். அம்மா தனியா இருக்காங்களே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். ஜூலியாவுக்கு அப்போது வயது 48.

பொழுதுபோக்கு என்றுதான் கொடுத்தார்கள். ஆனால், அந்தக் கேமராவை வெச்சுப் பொழுதை ஜாலியாகப் போக்க முடியாது. பெரிய மரப்பெட்டி, பிரெஞ்சு லென்ஸ், மெமரி கார்டுக்குப் பதில் 11-க்கு 9 அங்குலக் கண்ணாடித் தகடு. ஒரு படம் எடுக்க என்ன செய்யணும் தெரியுமா? கண்ணாடியை அப்பழுக்கில்லாமல் துடைக்கணும். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை அதன்மேல் ஊற்றி, மேடு பள்ளம் இல்லாமல் பரவ விடணும். இருட்டில் சில்வர் நைட்ரேட்டில் முக்கணும். ஈரம் காயறதுக்குள் கேமராவில் பொருத்திப் படம் எடுத்து, திரும்ப இருட்டறைக்கு ஓடி டெவலப் செய்யணும். மொத்தத்துக்கும் கிடைப்பது சில நிமிஷங்கள்தான். அப்புறம் ஃபிக்ஸிங். அதற்கு அவர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு. விஷம்மா, ஜாக்கிரதை என்று ஹெர்ஷலே எச்சரிக்க வேண்டியிருந்தது. கழுவக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர். கடைசியில் வார்னிஷ். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது நெகட்டிவ் மட்டும். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் வெயிலில் வைத்து பிரின்ட் எடுப்பது தனி வேலை.

இதையெல்லாம் அவருக்கு எந்த கிளாஸும் சொல்லித் தரவில்லை. நிலக்கரி போடும் அறை டார்க்ரூம் ஆனது. கண்ணாடி போட்ட கோழிக்கூட்டிலிருந்து கோழிகளை வெளியேற்றி ஸ்டூடியோ ஆக்கினார். சில்வர் நைட்ரேட் பட்டால் தோல் கறுத்துப் போகும், துணியில் பட்டால் கறை போகவே போகாது. ஜூலியாவின் கை, உடை, வீட்டின் மேஜை விரிப்பு எதுவும் தப்பவில்லை. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஓர் உள்ளூர் விவசாயியை உட்கார வைத்து எடுத்த முதல் படம் என்ன ஆச்சு? ஈரமான பக்கம் எது என்று தெரியாமல் கையை வைத்துத் தேய்த்துவிட்டார். முகம் மொத்தமும் அழிந்துபோனது. நம்ம பாஷையில், அவருடைய முதல் டெலிட்.

சில வாரங்கள் இப்படியே ஓடின. 1864 ஜனவரி கடைசியில் ஒருநாள் இரண்டு குழந்தைகளைப் படம் எடுக்க ரெடியானார். எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், தகடு வீண். அடுத்து ஒரே ஒரு குழந்தையை மட்டும் உட்கார வைத்தார். ஆனி ஃபில்பாட் என்ற சின்னப் பெண். எடுத்தது ஜனவரி 29, மதியம் 1 மணி. பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, அன்றிரவு 8 மணிக்குள் ஆனியின் அப்பா கையில் கொடுத்தாயிற்று. கோட்டு பட்டனை இறுக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும் குழந்தை. இதுதான் தன் முதல் வெற்றி என்று படத்தின் கீழேயே கைப்பட எழுதிவைத்தார் ஜூலியா.

அந்தப் படம் பளிச்சென்ற ஷார்ப் படம் கிடையாது. அங்கேதான் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

அன்றைக்கு நல்ல போட்டோ என்றால் சட்டையின் நூல்வரைக்கும் எண்ணிப் பார்க்க முடியணும். ஜூலியா படங்களில் கண் தெளிவாக இருந்தால் காது மங்கல். தலைமுடி புகை மாதிரி இருக்கும். சில படங்களில் கைரேகை, தூசி, ரசாயனம் வழிந்த தடம்கூட அப்படியே இருக்கும். அதே வருஷம் அவர் லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில் உறுப்பினராகச் சேர்ந்தார். கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்பினார். தொழில்முறை ஆட்களும் பத்திரிகைகளும் வறுத்தெடுத்தார்கள். ஃபோகஸ் பண்ணத் தெரியவில்லை, சுத்தமாக வேலை செய்யத் தெரியவில்லை, ஒரு பெண்மணியின் படத்தைக் குறை சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும் என்கிற தொனியில் விமர்சனங்கள் வந்தன.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் சொல்லணும். பெரிய தகட்டில், முகத்துக்கு ரொம்ப அருகில் போய், குறைந்த வெளிச்சத்தில் எடுத்தால் ஃபோகஸ் ஆழம் தம்மாத்துண்டுதான் கிடைக்கும். அவருடைய எக்ஸ்போஷர் 3 நிமிஷத்திலிருந்து 7 நிமிஷம்வரை போகும். அவ்வளவு நேரம் மூச்சு விடாமல் யாரால் இருக்க முடியும்? ஆக, ஆரம்பத்தில் அந்த மங்கலில் பாதி விபத்து. முக்கியமானது அடுத்து அவர் செய்ததுதான். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் முகம் அழகாகத் தெரியும். மற்றவர்கள் அதைத் தாண்டி இன்னும் ஷார்ப்பாகத் திருகுவார்கள். ஜூலியா அங்கேயே கையை எடுத்துவிடுவார். 1866-ல் 15-க்கு 12 அங்குலத் தகடு போடும் பெரிய கேமராவும் நவீன லென்ஸும் வாங்கினார். இனிமேலாவது ஷார்ப்பாக எடுப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். இன்னும் கிட்டத்தில் போனார், அதே மென்மையோடு எடுத்தார். லென்ஸ் மேல் பழி போட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

எடிட்டிங் விஷயத்திலும் அம்மணி தனி ரகம். ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலும் பிரஷும் வைத்துச் சுருக்கத்தை அழித்து, கன்னத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்த காலம் அது. நம்ம பியூட்டி ஃபில்டரின் தாத்தா. தன் படங்கள் ரீடச் செய்யாதவை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் ஜூலியா. அதற்காக நெகட்டிவில் கையே வைக்காதவர் என்று நினைக்க வேண்டாம். ஊசியால் கீறிச் சரிசெய்வார், இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு படம் ஆக்குவார், உடைந்த தகட்டிலிருந்துகூட பிரின்ட் போடுவார். டென்னிசனின் ஆர்தர் மன்னர் கவிதைகளுக்காக எடுத்த ஒரு படத்தில் தெரிகிற நிலா, நெகட்டிவில் கீறி வரைந்தது. கடல் அலை வெறும் மஸ்லின் துணி. இன்று பார்த்தால் கொஞ்சம் ஸ்கூல் டிராமா மாதிரிதான் இருக்கிறது. ஆனால், முகத்தில் இருக்கும் சுருக்கத்தை அவர் தொட மாட்டார்.

அதற்கு சாட்சி, 1867-ல் எடுத்த ஹெர்ஷல் படம். 75 வயது. கன்னமெல்லாம் கோடுகள். கண்ணில் ஈரம். தலையைச் சுற்றி வெள்ளை முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். முடி அப்படி நிற்க வேண்டும் என்பதற்காகவே படம் எடுக்கும் முன் அவரைத் தலைக்குக் குளிக்கச் சொன்னதாகச் சொல்வார்கள். தனக்கு போட்டோ என்றால் என்ன என்று காட்டியவரை, எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு, தானே எடுத்த படம். டார்வின், கார்லைல், டென்னிசன் என்று அந்தக் காலத்துப் பெரிய மண்டைகள் எல்லாம் இப்படித்தான் அவர் கண்ணாடிக்குள் போயின.

படங்களுக்கு காப்பிரைட் பதிவு செய்ததிலும் அவர் கில்லாடி. 500-க்கும் மேற்பட்ட படங்களைத் தன் பெயரில் பதிவு செய்தார். 1865-ல் லண்டனின் சவுத் கென்சிங்டன் மியூசியம் படங்களை விலைக்கு வாங்கியது. 1868-ல் அங்கேயே ஸ்டூடியோ வைத்துக்கொள்ள இரண்டு அறைகள் கொடுத்தது. கேமரா கையில் கிடைத்து 5 வருஷம்கூட ஆகாத ஒருவருக்கு! ஆனாலும், பணப் பிரச்னை தீரவில்லை. இலங்கைக் காப்பித் தோட்ட வருமானம் சரிந்துகொண்டே வந்தது, ரசாயனச் செலவு ஏறிக்கொண்டே போனது. 1869-ல் பல நெகட்டிவ்களின் மேல்பூச்சு தானாக விரிசல்விட ஆரம்பித்தது. எந்தப் போட்டோகிராபிக் சொசைட்டி தன்னைக் கிண்டல் செய்ததோ, அதே சொசைட்டிக்குப் போய், என்ன காரணம், எப்படித் தடுப்பது என்று வெட்கப்படாமல் கேட்டார். எனக்கு ஜூலியாவை ரொம்பப் பிடித்துப்போன இடம் இது.

அவருக்கு மாடல்களாக நின்றவர்களில் சிலர் வீட்டில் வேலை செய்த பெண்கள். மேரி ஹில்லியர் பல படங்களில் மாதா. மேரி ரையன், தெருவில் பிச்சை கேட்டு வந்த ஒரு தாயின் மகள். ஜூலியா வீட்டில் வளர்ந்தவர். கண்காட்சியில் அவர் படத்தைப் பார்த்து மயங்கிய இளைஞர் ஹென்றி காட்டன், தேடி வந்து 1867-ல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காட்டன்தான் இந்தியாவில் ஐ.சி.எஸ் அதிகாரியாக இருந்து, 1904-ல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவரானவர். ஒரு போட்டோ எங்கிருந்து எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

1875-ல் கணவரின் நெடுநாள் ஆசைப்படி இலங்கைக்கே குடிபோனார்கள். கப்பலில் ஒரு பசு மாடும், கணவன் மனைவிக்கு ஆளுக்கொரு சவப்பெட்டியும் ஏறின. சவப்பெட்டிக்குள் பீங்கான், கண்ணாடிச் சாமான்களை அடுக்கியிருந்தார்களாம். களுத்துறையில் மகன் வீட்டில் தங்கி மறுபடி கேமராவைத் தூக்கினார். ஆனால், ரசாயனம் கிடைப்பது சிரமம், வெயிலில் கொலோடியன் சட்டென்று காய்ந்துவிடும். வாழ்நாளில் எடுத்த ஏறக்குறைய 1,200 படங்களில் இலங்கைப் படங்களாக இன்று மிஞ்சியிருப்பவை 30-கூடத் தேறாது. 1877-ல் அங்கே போன ஓவியர் மேரியான் நார்த் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஒரு மனிதரின் முதுகு படம் எடுக்க அம்சமாக இருக்கிறது என்பதற்காக, அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கச் சொல்லி மகனிடம் அடம்பிடித்தாராம் ஜூலியா. அந்த வீட்டில் தோட்டமே கிடையாது!

படிக்கச் சிரிப்பு வரும். ஆனால், அந்த முதுகுக்காரர் பெயர் என்ன? தெரியாது. இங்கிலாந்தில் எடுத்த படங்களில் வேலைக்காரப் பெண்ணின் பெயர்வரை பதிவாகியிருக்கிறது. இலங்கைப் படங்களிலோ அநேகம் பேருக்குப் பெயரே இல்லை. ஒரு படத்துக்குக் களுத்துறை விவசாயிகள் என்று தலைப்பு, அவ்வளவுதான். காப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் போன நம்ம ஆட்கள் சிலரும் இந்தப் படங்களில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே மென்மையான வெளிச்சம்தான் இந்த முகங்களின் மேலும் விழுகிறது. ஆனால், ஆனியின் படத்துக்குக் கீழே எழுதின மாதிரி ஒரு வரி எழுத அவருக்குத் தோன்றவில்லை. தோட்ட முதலாளி வீட்டு அம்மாவின் கண் அது, அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. யாருடைய தாத்தா, யாருடைய பாட்டி என்று தெரியாமலே அந்த முகங்கள் வெளிநாட்டு மியூசியங்களில் இருக்கின்றன.

1879 ஜனவரி 26-ல், மலையகத்தின் டிக்கோயா பள்ளத்தாக்கில் ஜூலியா இறந்தார். அடுத்த வருஷமே கணவரும். இரண்டு பேருக்கும் கல்லறை பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில். அப்போது காப்பி இருந்த மலைகளில் இப்போது தேயிலை. அடுத்த முறை இலங்கை டிரிப் போனால் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, டிக்கோயா, நோர்வுட் வழியாகப் போங்க. வழியெல்லாம் தமிழிலேயே விசாரிக்கலாம்.