டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு தோன்றிய சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். கதரணிந்து ஆசிரியரொருவரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பெறாது எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். 1921-இல் உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல்நோயாற் சின்னாளிடையே மாண்டனர்.

பின்னர்ப் பாஸ்டன் சேர்ந்து, ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாரோடு தசையை ஆராய்ந்து, பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் வெளிப்படுத்தினார். பூண்டி மலையில் மூட்டை சுமந்தேறும் உழவனது கால் அசைவதும், உயிரணுவில் நொதிகள் பல தொழில் புரிவதும் அப்பொருளின் ஆற்றலாலேயே. இத்துணை செய்தவர்க்கும் அப்பல்கலைக்கழகம் நிலைத்த பதவி அளித்திலது. அஃது அதற்கே இழுக்கு.

1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடம் புகுந்தார். 1945-இல் அவருடைய குழுவினர், குளுட்டாமிக் அமிலத்தை ஓருறுப்பாகவுடைய ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்ப்ரூவிற்கு அதுவே மருந்தாயிற்று. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், தாயகம் மீளாமலே மறைந்தார்.